ஏடிசி வேலை யாருக்கு ஒத்துவரும்?

நான் ஏடிசியில், அதாவது வானத்திலும் ஓடுபாதையிலும் விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலராக இருக்கிறேன். இந்த வேலைக்கான ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டியின் ஜூனியர் எக்ஸிக்யூட்டிவ் தேர்வு அறிவிப்பு வந்த வாரம் என் போன் ஓயாது. ஒன்றுவிட்ட அண்ணன் மகன், கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்தவர்கள், அம்மாவோடு கோயிலுக்குப் போகிறவரின் மருமகள் என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கேள்விகள் எப்போதும் அதேதான். சிலபஸ் என்ன, கட்-ஆஃப் எவ்வளவு, கையில் எவ்வளவு வரும். "இந்த வேலை எனக்கு ஒத்துவருமா அத்தை?" என்று அண்ணன் மகள் ஒருத்திதான் கேட்டாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

வேலை என்னவென்று தெரியாமல் பொருத்தம் பார்க்க முடியாது. விமானம் வந்து நிற்கிற இடத்தில் இரண்டு கையிலும் மட்டை பிடித்து ஆட்டுகிறாரே, அவர் நாங்கள் இல்லை. டவரில் இருப்பவர் ஓடுபாதையைப் பார்த்துக்கொள்வார். அப்ரோச்சில் இருப்பவர் இறங்க வருகிற விமானங்களை வரிசைப்படுத்தி, ஏறிப் போகிறவற்றை அவற்றின் ஊடே வெளியே அனுப்புவார். ஏரியாவில் இருப்பவர் உயரத்தில் கடந்து போகிறவற்றைக் கவனிப்பார். கண்ணாடி வழியே விமானத்தைப் பார்த்து வேலை செய்வது டவர் மட்டுமே. மற்றவர்களுக்குத் திரைதான் வானம். இந்திய வான்வெளி டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்று நான்கு பெரும் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. சென்னையின் பங்கு தென்னிந்தியாவோடு நின்றுவிடாமல் வங்காள விரிகுடாவுக்குள் வெகுதூரம் போகிறது.

அப்ரோச்சில் ஒரு இரவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வெளிநாட்டு விமானங்கள் வந்து போகிற நேரம். முன்னால் ஒரு பெரிய ஏ330 இறங்குகிறது, பின்னால் ஒரு ஏ320. பெரியது கிளப்பிவிட்டுப் போகும் காற்றுச் சுழலில் சின்னது மாட்டாமலிருக்க நடுவில் 5 நாட்டிக்கல் மைல் இருக்க வேண்டும். அதற்காகப் பத்து மைல் விட்டால் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். அதே நேரத்தில் டவர்காரர் ஒரு புறப்பாட்டை நுழைக்க இடம் கேட்பார். ஒருவர் மேகத்தைச் சுற்றிப் போக வேண்டும் என்பார். ஒருவர் குறுக்குவழி கேட்பார். மற்றொருவர் கூப்பிட்டால் பதிலே வராது, பழைய அலைவரிசையிலேயே இருப்பார். நான் போட்ட திட்டம் நிமிடத்துக்கு ஒருமுறை செல்லாமல் போகும். புதிதாக ஒன்று போட வேண்டும், போட்டதன் மேல் பாசம் வைக்கக் கூடாது.

உள்ளே வரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்ஸி., அல்லது ஏதாவது ஒரு பருவத்திலாவது அந்த இரண்டும் இருந்த பி.இ. பொதுப் பிரிவுக்கு வயது 27-க்குள், மற்றவர்களுக்கு விதிப்படி தளர்வு. கணினியில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் குரல் சோதனை, போதைப்பொருள் சோதனை, மனநலச் சோதனை, மருத்துவச் சோதனை. அப்புறம் பிரயாக்ராஜில் 1948-இலிருந்து இயங்கும் பயிற்சிக் கல்லூரியிலோ ஹைதராபாத், கோந்தியா மையங்களிலோ பயிற்சி. அது முடிந்து ஒரு விமான நிலையத்தில், ரேட்டிங் (அந்த இடத்தில் தனியாக வேலை பார்க்கும் தகுதிச் சான்று) உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க, நிஜ விமானங்களோடு பழக வேண்டும். அந்த நிலையத்து ரேட்டிங் கையில் வந்த பிறகுதான் தனியாக ஹெட்செட் மாட்டலாம். வயதைக் கண்டிப்பாகப் பார்ப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் புதிதாகச் சேர்பவர் 31 வயதைத் தொட்டிருக்கக் கூடாது, 56-இல் கன்சோலை விட்டு எழுந்துவிட வேண்டும்.

சரி, பொருத்தத்துக்கு வருகிறேன்.

வெளியே இருக்கிறவர்கள் நினைப்பது இதுதான்: அபார மூளை வேண்டும், யானை மாதிரி ஞாபகம் வேண்டும், பதற்றமே தெரியாத ஆள் வேண்டும். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும்தான். ஆனால் எனக்குத் தெரிந்து இந்த வேலையில் தடுமாறியவர்களில் பாதிப் பேருக்கு மேல் மூளைக்குக் குறைவே இல்லாதவர்கள். அவர்களைத் தடுக்கியது வேறு. பிறர் முன்னால் திருத்தப்படுவதை அவர்களால் தாங்க முடியவில்லை.

எங்கள் ஏற்பாடே எல்லோரும் தப்பு செய்வார்கள் என்ற நினைப்பில் கட்டப்பட்டது. நான் "டர்ன் லெஃப்ட் ஹெடிங் டூ டூ ஸீரோ" என்கிறேன், அதாவது இடப்பக்கம் 220 டிகிரி திசைக்குத் திரும்பு. விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், நான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவர் "டூ த்ரீ ஸீரோ" என்றால் "நெகட்டிவ், டூ டூ ஸீரோ" என்கிறேன். நான் உளறினால் அவர் "கன்ஃபர்ம்?" என்பார். நான் கவனிக்காத ஒன்றைப் பக்கத்து இருக்கைக்காரர் விரலால் திரையைத் தட்டிக் காட்டுவார். சூப்பர்வைசர் பின்னால் நின்று "அந்த ரெண்டையும் பாரு" என்பார். ஒரு ஷிஃப்டில் இப்படி எத்தனையோ முறை திருத்துகிறோம், திருத்தப்படுகிறோம். யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை, விளக்கம் சொல்வதில்லை. அதற்கு நேரமும் இல்லை. ஒவ்வொரு திருத்தத்தையும் மனதில் குறித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆள் ஆறு மாதத்தில் உடைந்துபோவார்.

என்னோடு பயிற்சியில் இருந்த இரண்டு பேரைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஒருவன் பல்கலைக்கழகத்தில் பதக்கம் வாங்கியவன். விதிப் புத்தகம் முழுக்க அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். சிமுலேட்டரில் பயிற்றுநர் பாதி வாக்கியத்தில் நிறுத்தி "ஏன் இதைக் கொடுத்தாய்?" என்று கேட்டால் முகம் சிவந்துவிடும். கேள்விக்குப் பதில் சொல்லாமல் தான் ஏன் சரி என்று வாதாடுவான். அந்த அரை நிமிடத்துக்குள் திரையில் இன்னும் இரண்டு விமானங்கள் நெருங்கி வந்திருக்கும். இன்னொருத்தி சிற்றூரிலிருந்து வந்தவள், ஆங்கிலம் கொஞ்சம் முரடு. அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. புரியவில்லை என்றால் தயங்காமல் "ஸே அகெய்ன்" என்பாள், மறுபடி புரியவில்லை என்றால் மறுபடியும் கேட்பாள். பயிற்றுநர் திருத்தினால் "ஓகே சார்" என்று உடனே மாற்றிவிட்டு அடுத்த விமானத்துக்குப் போய்விடுவாள். ரேட்டிங் அவளுக்குத்தான் முதலில் கிடைத்தது. அவனுக்கும் கிடைத்தது, ரொம்பத் தாமதமாக. இன்று அவன் விமானப் பாதைகளையும் நடைமுறைகளையும் வகுக்கிற வேலையில் இருக்கிறான், அங்கே அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆக, பொருந்தாமை என்பது மட்டமான ஆள் என்று அர்த்தம் இல்லை.

நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது இந்த வீம்பைக்கூட இல்லை, கூச்சத்தை. பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே, புரியாவிட்டாலும் தலையை ஆட்டு, எல்லார் முன்னாலும் கேள்வி கேட்டு மானத்தை வாங்காதே என்று வளர்க்கிறோம். அப்படி வளர்ந்த இருபத்து நான்கு வயதுப் பிள்ளை, கனத்த குரலில் ஒரு கேப்டன் "ரிக்வெஸ்ட் டைரக்ட்" என்று நேர்வழி அனுமதியை அதட்டுகிற மாதிரி கேட்டால், "நெகட்டிவ்" என்று ஒரே சொல்லில் சொல்லத் தெரிய வேண்டும். சென்னைக்குள் நுழைகிற விமானிகள் பலர் "வணக்கம் சென்னை" என்பார்கள். நாங்களும் வணக்கம் சொல்வோம். மரியாதை அதோடு சரி. அதற்குப் பிறகு அவருடைய வயது, அனுபவம், தோளில் உள்ள பட்டைகள் எதுவும் கணக்கில் இல்லை.

கூச்சம் ஆளைக் கொல்லும் என்பதற்குப் பயிற்சியில் ஒரு விபத்தைக் காட்டுவார்கள். 1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியாங்கா 52. மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் சுற்ற வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. அவசரநிலை என்று சொல்லச் சொல்கிறார் கேப்டன். ரேடியோவில் பேசியது துணை விமானி. அவர் அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை. திசையைத் திருப்பிச் சொல்லும்போது வாக்கியத்தின் வாலில், எரிபொருள் தீருகிறது என்று ஒட்டிவிட்டார். கேட்ட கன்ட்ரோலரும் அதைப் பிடித்துக்கொண்டு, எத்தனை நிமிடத்துக்கு இருக்கிறது, அவசரநிலையா என்று துருவவில்லை. லாங் ஐலண்டில் விழுந்து, இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, எதிரில் இருப்பவர் கூச்சப்படலாம், அதனால் நாம்தான் கேட்டுவிட வேண்டும் என்பது. குரலில் ஏதோ சரியில்லை என்று பட்டால் நான் கேட்டுவிடுவேன். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தால் நல்லதுதானே.

வீம்புக்கு எடுத்துக்காட்டு ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு, 1977 மார்ச் 27. பனிமூட்டம். ஓடுபாதையில் பான் ஆம் ஜம்போ இன்னும் இருக்கிறது, எதிர் முனையிலிருந்து கேஎல்எம் ஜம்போ ஓடத் தொடங்குகிறது. அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையோ என்று கேஎல்எம்மின் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்கிறார். கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். விலகிவிட்டது என்று அழுத்திச் சொல்லிவிட்டார். மறுபடி கேட்க மற்றவர்களுக்கு வாய் வரவில்லை. இரண்டும் மோதி 583 பேர் இறந்தார்கள். காக்பிட்டில் நடந்ததுதான், ஆனால் அதே பேச்சு எங்கள் கூடத்திலும் எந்த நேரமும் நடக்கலாம். முப்பது வருட அனுபவம் உள்ளவரிடம் நேற்று வந்த ட்ரெய்னி "சார், அது க்ளியரா?" என்று கேட்க வேண்டும். கேட்டதும் அவர் திரும்பிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டில் எது இல்லாவிட்டாலும் ஆபத்துதான்.

ஞாபகசக்தி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்கிற ஆளைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கன்ட்ரோலர் சின்ன விமானம் ஒன்றை ஓடுபாதையில் ஏறிக் காத்திருக்கச் சொன்னார். நடுவில் வேறொரு விமானத்தின் ஸ்ட்ரிப்பை (விமான விவரம் எழுதிய சீட்டை) தேட வேண்டிவந்தது. காத்திருந்தது மனதிலிருந்து நழுவிவிட்டது, அதே ஓடுபாதையில் யுஎஸ் ஏர் போயிங் இறங்க அனுமதி கொடுத்துவிட்டார், இரண்டும் மோதின. அவர் மோசமான கன்ட்ரோலர் இல்லை, மனித மூளை அப்படித்தான். அதனால்தான் ஸ்ட்ரிப்பில் குறிப்பது, ஓடுபாதை அடைபட்டிருந்தால் அதற்கென்று கண்ணெதிரே ஒரு அடையாளம் வைப்பது, ஷிஃப்ட் மாறும்போது பட்டியல் பார்த்து ஒப்படைப்பது எல்லாம். ஆயிரமாவது முறையும் முதல் முறை மாதிரியே இவற்றைச் செய்கிற, கொஞ்சம் சலிப்பூட்டுகிற ஆசாமிதான் எங்களுக்கு வேண்டும். கேஸை மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற குணத்தை வீட்டில் கிண்டல் செய்வார்கள், இங்கே அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும். பத்து முறை பார்க்கிற ஆளுக்கும் கஷ்டம்தான்.

எல்லோரையும் திருப்திப்படுத்த நினைக்கிறவர்களுக்குப் போகி காலை ஒன்று போதும். சென்னையில் விடிவதற்கு முன்பே ஊர் முழுக்கப் பழையதை எரிக்கிறார்கள். மார்கழிப் பனியும் புகையும் சேர்ந்து தரையோடு படுத்துக்கொள்ளும். ஓடுபாதையில் பார்வைத் தூரம் 550 மீட்டருக்குக் கீழே போனால் கேட்டகரி ஒன் ஐஎல்எஸ்ஸை, அதாவது இறங்க வழிகாட்டும் ரேடியோ ஏற்பாட்டின் அடிப்படை வகையை, நம்பி இறங்க முடியாது. 2018 போகியன்று பல விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிடப்பட்டன. அப்படி ஒரு காலையில் வானத்தில் சுற்றுகிற ஒவ்வொருவரும் "எங்கள் முறை எப்போது?" என்று கேட்பார்கள், ஒரே நேரத்தில், ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி. நியாயமான கேள்விதான். ஆனால் பார்வைத் தூரம் எப்போது கூடும் என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? இரண்டு பேருக்கு "ஸ்டாண்ட்பை" சொல்லிவிட்டு, எரிபொருள் குறைவாக உள்ள மூன்றாமவரிடம் பேச வேண்டும். காத்திருக்கச் சொன்ன இருவருக்கும் கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபத்தைத் தணிக்கிற பேச்சில் இறங்கினால் அலைவரிசை அடைபட்டுவிடும். நல்லவர் என்று பெயர் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் தவிக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான சோதனை விடியற்காலை மூன்று மணி. கடலுக்கு மேல் தொலைவில் போகிற விமானங்களோடு ரேடியோவில் அவ்வளவாகப் பேச்சு இருக்காது, எழுத்துச் செய்திதான். திரையில் நான்கே புள்ளிகள், கூடத்தில் ஏசி குளிர். பரபரப்பு இருந்தால்தான் வேலை ஓடும் என்கிற ஆட்கள் இந்த நேரத்தில் கவனம் பிசகுவார்கள். டிராஃபிக் உச்சத்தில் இருக்கும்போதைவிட அது இறங்கி, அப்பாடா என்று சாய்கிற நேரத்தில்தான் நான் கூடுதலாக விழித்திருக்கப் பார்க்கிறேன்.

தூக்கம் பிரச்சினை என்றால் இரண்டு முறை யோசியுங்கள். என் மாமியார் முதலில் "பொம்பளைப் பிள்ளைக்கு ராத்திரி வேலையா?" என்றார். இப்போது நைட் முடித்து வந்த காலையில் குக்கர் விசில் சத்தம்கூட என் அறைக்கு வராமல் பார்த்துக்கொள்கிறார். அந்த ஒத்துழைப்பு இல்லாத வீடுகளில் என் தோழிகள் பட்ட பாடு வேறு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டூட்டி விழும். நாடு முழுக்க எங்கேயும் மாற்றல் வரும். இது குணத்தைப் பற்றியது இல்லை, ஆனால் சேர்வதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டிய விஷயம்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: சரளம் வேறு, தெளிவு வேறு. சர்வதேச அளவில் ஆறு நிலைகள் வைத்திருக்கிறார்கள், நான்காம் நிலை இருந்தால் வேலை செய்யலாம். கடகடவென்று பேசுகிறவர்களிடம்தான் இங்கே "மெதுவாகப் பேசு" என்று சொல்ல வேண்டியிருக்கும். அதே சமயம் இது சம்பிரதாயமும் இல்லை. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே சவுதியா விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்ததை விசாரித்தபோது, கஜகஸ்தான் குழுவின் ஆங்கிலத் தடுமாற்றமும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. 15,000 அடியில் இருக்க வேண்டியவர்கள் அதற்குக் கீழே இறங்கியிருந்தார்கள். டெல்லியின் அப்போதைய ரேடாரில் உயரமும் தெரியாது. இன்று தெரிகிறது. ஆனாலும் காது கொடுத்துக் கேட்கிற வேலை குறையவில்லை.

உங்களை நீங்களே எப்படிச் சோதிப்பது? அண்ணன் மகளிடம் நான் கேட்டவற்றைச் சொல்கிறேன். தம்பி உன் தப்பை எல்லார் முன்னாலும் சொன்னால் எவ்வளவு நேரம் உறுத்தும்? கல்யாணப் பந்தியில் பரிமாறியிருக்கிறாயா? ஒருவர் ரசம் கேட்க, ஒருவர் அப்பளம் கேட்க, பின்னால் வாளி காலியாக, யாருக்கு முதலில் என்று நிற்காமல் முடிவெடுத்தாயா, இல்லை எல்லாருக்கும் "இதோ வரேன்" சொல்லிவிட்டு மறந்தாயா? தெரியாத ஊரில் வழி கேட்டு, சொன்னது புரியாதபோது அவரிடமே மறுபடி கேட்டாயா, இல்லை புரிந்த மாதிரி நடந்துவிட்டு அடுத்த ஆளைத் தேடினாயா? அவள் கடைசிக் கேள்விக்குச் சிரித்தாள், "ரெண்டாவதுதான் அத்தை" என்றாள். பரவாயில்லை, இது பழகினால் வரும். ஒரு மாதம் கடையில், பஸ்ஸில், வகுப்பில் எங்கே புரியாவிட்டாலும் உடனே "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கச் சொன்னேன். கூச்சம் குறைவதை அவளே பார்த்தாள். வீம்பு குறைவதுதான் கடினம், ஏனென்றால் அது இருப்பது அவரவருக்குத் தெரிவதில்லை. கூட இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கணினியில் பழகிப் பார்க்க ஆசை இருந்தால் வாட்சிம் என்ற இணைய வலை இருக்கிறது. உலகெங்கும் பொழுதுபோக்காக விமானம் ஓட்டுகிறவர்களுக்கு, பொழுதுபோக்காகவே கன்ட்ரோல் செய்கிறவர்கள் அதில் கூடுகிறார்கள். நிஜ வேலைக்கு அது ஈடாகாது. ஆனால் நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் மனம் பின்வாங்குகிறதா, முன்னால் போகிறதா என்று தெரிந்துவிடும். மனநலச் சோதனைக்கு என்று "சரியான விடை" சொல்லித் தருகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். வேறொரு ஆளாக நடித்துத் தேறினால், அந்த வேறொரு ஆளாகவே முப்பது வருடம் வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் ஒரு கண் மருத்துவரிடம் போய் நிறப்பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டிருப்பது தடை இல்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். ஆனால் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாவிட்டால் மருத்துவத்தில் நின்றுவிடும். ஆண்களில் பலருக்கு அந்தக் குறை இருப்பதே தெரியாது. எழுத்துத் தேர்வில் நல்ல இடம் பிடித்தவர்கள் அந்த வண்ணப் புள்ளி அட்டை முன்னால் உட்கார்ந்து முதன்முறையாகத் தெரிந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். காதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாள் போதும்.